மல்லாட்டைப் பணமும் வாடகைக் கட்டடமும்
விழுப்புரம், திண்டிவனம் ஊர்களுக்குச் சொந்த வங்கி அமையாதது ஏன்?

1. கேள்வி

தமிழ்நாட்டுச் சிற்றூர் வங்கிகளின் வரலாறு பெரும்பாலும் வங்கிகளே வெளியிட்ட நூற்றாண்டு மலர்களின் வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. அவற்றில் நிறுவனர்களின் தீர்க்கதரிசனம் இருக்கும், முதல் கட்டடத்தின் மங்கிய புகைப்படம் இருக்கும், குத்துவிளக்கு இருக்கும். எந்த ஊரில் வங்கி தோன்றவில்லை, ஏன் தோன்றவில்லை என்று கேட்க அந்த மலர்களுக்கு அவசியம் இல்லை. நமக்கு இருக்கிறது.

கும்பகோணத்துக்கு 1904-லேயே வங்கி வந்துவிட்டது. கரூர் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு வங்கிகளைப் பெற்றெடுத்தது. மன்னார்குடியின் பெயரில் ஒரு வங்கி இருந்தது. செட்டிநாட்டுச் சிற்றூரான அழகாபுரியின் பெயரிலும் இருந்தது. இவ்விரண்டையும் 1960களின் தொடக்கத்தில் இந்தியன் வங்கி எடுத்துக்கொண்டது. ஆனால் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பெரும் சந்தை ஊர்களான விழுப்புரம், திண்டிவனம் இரண்டின் பெயரையும் தாங்கி நிலைத்து நின்ற கூட்டுப்பங்கு வங்கி ஒன்றுமில்லை. இரண்டும் ரயில் பாதையில் இருந்த ஊர்கள். இரண்டையும் சுற்றி மணிலா விளைந்தது. இந்தப் பக்கத்தார் மல்லாட்டை என்று சொல்லும் அந்த நிலக்கடலைக்குக் கடல் கடந்து சந்தை இருந்தது. பணம் புழங்கிய ஊர்களில் வங்கி பிறக்காமல் போனதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் போதுமானவையா என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

2. வங்கி பெற்ற ஊர்கள்

கும்பகோணம் வங்கி 1904 அக்டோபர் 31 அன்று பதிவானது. காவிரிப் படுகையின் மிராசுதார்களும் வழக்கறிஞர்களும் அதன் சுற்றுவட்டத்தில் இருந்தார்கள். அவசரப்பட்டு ஊர் ஊராகக் கிளை பரப்பிய வங்கி அல்ல அது. முதல் கிளை மன்னார்குடியில் திறக்கப்பட்டது 1930 ஜனவரி 24 அன்று. கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த வங்கி ஒரே ஊரின் வங்கியாகவே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1945-ல் ரிசர்வ் வங்கியின் அட்டவணையில் இடம்பெற்றது. 1965-ல் சிட்டி ஃபார்வர்டு வங்கியும் யூனியன் வங்கி என்ற சிறு வங்கியும் அதனுடன் இணைந்தன. 1987-ல் கும்பகோணம் என்ற சொல்லை உதறிவிட்டு சிட்டி யூனியன் வங்கி ஆனது. பெயர் மாறினாலும் பதிவு அலுவலகத்தின் முகவரி கும்பகோணம் டி.எஸ்.ஆர். பெரிய தெருவை விட்டுப் போகவில்லை. கடைத்தெருவுக்கு நடுவே, பாத்திரக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் கூப்பிடு தூரத்தில் தலைமையிடம் வைத்திருந்த வங்கி அது. கட்டடம் அங்கே ஒரு பிணை. போட்ட பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பவருக்குத் தெருவைக் கைகாட்டினால் போதும்.

அந்தப் பிணை எவ்வளவு தேவைப்பட்டது என்பதை 1906 காட்டியது. சென்னையின் அர்பத்நாட் கம்பெனி அந்த அக்டோபரில் மூழ்கியது. வெள்ளைக்காரர் கம்பெனி என்ற நம்பிக்கையில் மாகாணமெங்கும் இருந்து போடப்பட்ட பணம் போயிற்று. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரும் பிறரும் முனைந்து 1907-ல் இந்தியன் வங்கியை அமைத்தது இந்தச் சரிவின் பின்விளைவு.

கரூர் வைசியா வங்கி 1916-லும் லட்சுமி விலாஸ் வங்கி 1926-லும் வணிகர்கள் தொடங்கியவை. தூத்துக்குடியில் 1921-ல் நாடார் வங்கி எழுந்தது. மகமை என்ற பொதுநிதி வழக்கத்தில் ஊறிய ஒரு சமூகம், பிறர் தரத் தயங்கிய கடனைத் தனக்குத் தானே தந்துகொள்ள எடுத்த முயற்சியாக அதைப் பார்க்கலாம். 1962-ல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது.

3. சாதியா, தூரமா?

மேற்சொன்ன உதாரணங்களிலிருந்து எளிதாகப் பிறக்கும் விளக்கம் சமூகம் சார்ந்தது: நாடார், வைசியர் போன்ற வணிகச் சாதிகளின் கட்டுக்கோப்பு இருந்த இடத்தில் வங்கி வந்தது, இல்லாத இடத்தில் வரவில்லை. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கும்பகோணத்துக்கு இது பொருந்தாது. அங்கே முன்னின்றவர்கள் வணிகச் சாதியினர் அல்லர். மறுபக்கம், விழுப்புரம், திண்டிவனம் கடைத்தெருக்களில் வணிகச் சாதியினருக்குப் பஞ்சமும் இல்லை. சாதியை மட்டும் வைத்து இந்தப் பூட்டு திறக்காது.

இரண்டாவது விளக்கம் தூரம். திண்டிவனம் சென்னையிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர், விழுப்புரம் 160. தலைநகரின் நிழலில் வங்கி முளைக்காது என்பது வாதம். ஆனால் 1904-ன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின்கீழ் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது, திண்டிவனத்தைவிடச் சென்னைக்கு நெருங்கிய காஞ்சிபுரத்தில். நிழல் அங்கே தடுக்கவில்லை.

மூன்றாவது, அதிகாரிகளின் பழைய குறிப்புகளில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் விளக்கம்: சேமிக்கும் பழக்கமில்லாத வறண்ட பூமி. இதை மறுக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். சேமிப்பு இருந்தது. அது நிலமாகவும் நகையாகவும் பிறருக்குக் கொடுத்த கடனாகவும் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணவர்களைக் கொண்டு ஆய்வு செய்து 1918-ல் நூலாக்கிய தென்னிந்திய கிராமங்களுள் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து இருவேல்பட்டும் ஒன்று. 1936-37-ல் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் மறு ஆய்வு அங்கே நடந்தது. 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் அதே ஊருக்குப் போனார்கள். நூறாண்டுக்குச் சற்றுக் குறைந்த இந்த வரிசை ஆய்வுகள் காட்டும் ஊரில் நீண்ட காலம் ஒரு ரெட்டியார் குடும்பத்தின் கை ஓங்கியிருந்தது. நிலம், வேலை, கைமாற்று எல்லாம் ஒரே வாசலில் கிடைத்த ஊர் தனக்கு வங்கி வேண்டும் என்று கேட்காது. அந்த வாசலுக்கு உரியவர் கேட்கவே மாட்டார்.

4. மண்டிதான் வங்கி

என் பார்வையில் விடை கமிஷன் மண்டியில் இருக்கிறது.

தென்னார்க்காட்டின் மணிலா பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மார்சேய் நகரத்து எண்ணெய், சவுக்கார ஆலைகளுக்காக விளைவிக்கப்பட்ட சரக்கு. 1890களில் விளைச்சல் சரிந்தது. வெளிநாட்டு விதை வரவழைத்த பிறகு புது நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டது. அதன்பின் மானாவாரிப் புஞ்சையெல்லாம் மல்லாட்டை. பயிர் எவ்வளவு முக்கியமாயிற்று என்றால், திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே அமைந்தது. 1940-ல் வெளியான டி.எம்.வி. 2 என்ற ரகம் நாடு முழுக்கப் பரவியது. டி.எம்.வி. என்றால் திண்டிவனம். ஊரின் பெயர் வங்கிப் பலகையில் ஏறவில்லை, விதை மூட்டையில் ஏறி ஊரெல்லாம் சுற்றியது.

இந்தப் பயிரின் பணச் சுழற்சியைக் கவனிக்க வேண்டும். ஆடிப் பட்டத்தில் விதைக்கும்போது விதைக்கே பணம் வேண்டும். விதைப் பருப்பு விலை அதிகம், ஏக்கருக்குத் தேவைப்படும் அளவும் அதிகம். கார்த்திகையில் கொடி பிடுங்கி, காய் ஆய்ந்து, களத்தில் காயவைத்து மூட்டை கட்டும்வரை குடியானவன் கையில் காசு இருக்காது. இடைவெளியை நிரப்பியவர் மண்டிக்காரர். கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு மூட்டை அந்த மண்டிக்கே வந்தாக வேண்டும். தரகு அவருக்கு, எடைக்கூலி அவர் ஆளுக்கு, மகமை கோயிலுக்கு, விலையும் அவர் சொன்னதுதான். வட்டி என்று தனியாக ஒரு எண் பேரேட்டில் ஏறாமலே வட்டி வசூலாகிவிடும்.

மண்டியின் அமைப்பே இதைச் சொல்லும். தெருவை நோக்கி அகலத் திறந்த முன்கட்டு, வண்டி பின்னோக்கி வந்து மூட்டை இறக்க வசதியான உயரத் திண்ணை. உள்ளே தொங்கும் தராசு. ஓரமாகத் தாழ்வான கணக்கு மேடை, சாய்மேசை, அதன்பின் கணக்குப்பிள்ளை. அவர் முதுகுக்குப் பின்னால் சுவரோடு பதித்த இரும்புப்பெட்டி. பின்கட்டில் கிடங்கு, அதற்கும் பின்னே சில இடங்களில் காய் உடைக்கும் மில். காசாளர், பெட்டகம், பேரேடு, அடமானச் சரக்கு எல்லாம் ஒரே கூரையின்கீழ். வங்கிக் கட்டடத்துக்கு வேண்டிய உறுப்புகளில் இங்கே இல்லாதது ஒன்றுதான்: பிறர் பணம் போடுவதற்கான ஜன்னல்.

அந்த ஜன்னல் இல்லாததற்குக் காரணம் மண்டிக்காரருக்கு ஊர்ப் பணம் தேவைப்படவில்லை என்பதே. ஏற்றுமதி நிறுவனங்களின் பணம் பருவம் பார்த்து மேலிருந்து இறங்கியது. புதுச்சேரியின் பிரெஞ்சு வணிகர்கள், சென்னையைத் தளமாகக் கொண்ட ஐரோப்பியக் கம்பெனிகள், அவர்களுடைய முகவர்கள், தரகர்கள் வழியாக அது மண்டிக்கு வந்து, மண்டியிலிருந்து களத்துக்குப் போனது. சரக்கு எதிர்த் திசையில் ஏறியது. பருவம் முடிந்ததும் பணமும் ஊரை விட்டுப் போய்விடும். ஆண்டில் சில மாதம் ஊரே பணத்தில் மிதக்கும், மிச்ச மாதங்களில் தேடினாலும் கிடைக்காது.

இப்போது தூத்துக்குடியையும் கரூரையும் திரும்பப் பார்க்கலாம். அங்கே வணிகர்கள் பணத்தை ஒன்றுசேர்த்தது கடன் கிடைக்காத நெருக்கடியில். தேவை அவர்களை ஒரு பந்தியில் உட்காரவைத்தது. விழுப்புரம், திண்டிவனம் மண்டிக்காரருக்கு வெளியிலிருந்து கடன் வந்துகொண்டே இருந்தது. பக்கத்து மண்டிக்காரரோடு சேர்ந்து வங்கி வைப்பதென்றால், தன் குடியானவர்கள் யார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற ரகசியத்தைப் போட்டியாளர் முன் திறந்துவைப்பதாகும். அதைச் செய்ய அவருக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. சுலபமாக வந்த வெளிப்பணமே உள்ளூர் வங்கியைத் தடுத்தது என்பது என் வாதம்.

5. புதுச்சேரியில் எழுந்த கட்டடம்

மல்லாட்டைப் பணத்துக்கு ஒரு வங்கிக் கட்டடம் இருந்தது. அது எல்லைக்கு அப்பால் இருந்தது.

1875-ல் பாரிஸில் நிறுவப்பட்ட இந்தோசீன வங்கி தன் தொடக்கக் கிளைகளாகத் தேர்ந்த ஊர்கள் சைகோனும் புதுச்சேரியும். பிரெஞ்சிந்தியாவுக்கான ரூபாய் நோட்டுகளை அடிக்கும் உரிமையும் அதற்கே. 1879 டிசம்பரில் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை திறந்தது. நாற்பது கிலோமீட்டருக்கும் குறைந்த அந்தக் கிளைப் பாதை பிரிட்டிஷ் புஞ்சையைப் பிரெஞ்சுத் துறைமுகத்தோடு கட்டிப்போட்டது. திண்டிவனத்திலிருந்து மாட்டு வண்டியிலேயே போய்விடலாம். புதுச்சேரியின் வெள்ளை நகரத்தில், பாரதி பூங்காவுக்கு அருகே, அந்த வங்கி இருந்த தூண்வரிசைக் கட்டடத்தில் இன்று யூகோ வங்கி இயங்குகிறது. சுற்றுலாப் பயணிகள் அதன் மஞ்சள் சுவரைப் பிரெஞ்சுக் கலையழகு என்று படமெடுத்துப் போகிறார்கள். புதுச்சேரியின் ஏற்றுமதியில் மணிலாவுக்கு இருந்த இடத்தை நினைத்தால், அந்தச் சுவரில் திண்டிவனத்துப் புஞ்சைக்கும் பங்குண்டு என்று சொல்வது மிகையாகாது.

கிறிஸ்டோபர் பேக்கர் தமிழ்நாட்டுக் கிராமப் பொருளாதாரம் பற்றி 1984-ல் வெளியிட்ட நூலில், 1930களின் பெருமந்தம் கிராமக் கடன் வலையை அறுத்து, பணத்தை நகரத்தை நோக்கித் தள்ளியது என்று வாதிடுகிறார். அவர் சொல்வதை ஏற்றால், மணிலா விலை சரிந்த அந்தப் பத்தாண்டுதான் இவ்வூர்களில் வங்கி தோன்றியிருக்கக்கூடிய நேரம். ஏற்றுமதிப் பணம் சுருங்கியது, மண்டிக்காரருக்கு முதன்முறையாக ஊர்ப் பணம் தேவைப்பட்டிருக்கும். ஆனால் 1938-ல் இரண்டு அடிகள் சேர்ந்து விழுந்தன. ராஜாஜி அரசின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் பழைய பாக்கிகளைக் குறைத்தது. ஏழைக்கு அது நியாயம், கடன் கொடுத்தவருக்குக் கிலி. அதே ஆண்டு திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மூடியது. தென்னிந்தியச் சிறு வங்கிகள் மீதான நம்பிக்கையே ஆட்டங்கண்டது. புதிதாக வங்கி வைக்க அதைவிட மோசமான வேளை வாய்த்திருக்காது. அதன்பின் 1949-ன் வங்கி நிறுவனங்கள் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 1951-ல் நாட்டில் 566-ஆக இருந்த வணிக வங்கிகள் இணைந்தும் மூடியும் 1969-ல் 89 ஆயின. கதவு சாத்தப்பட்டுவிட்டது.

6. ஓர் எதிர்ச்சான்று: கூட்டுறவு

இந்த வாதத்துக்கு எதிராக ஒரு பெயர்ப்பலகையைக் காட்டலாம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நகரக் கூட்டுறவு வங்கி உண்டு. ஊர்ப் பெயர் தாங்கிய வங்கி இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஆட்சேபம் சரியானதே. அது என் வாதத்தைக் கூர்மையாக்கவும் செய்கிறது. நகரக் கூட்டுறவு வங்கி என்பது அடிப்படையில் மாதச் சம்பளக்காரர், ஆசிரியர், குமாஸ்தா, சிறு கடைக்காரர் ஆகியோரின் வங்கி. விழுப்புரம் போன்ற ரயில் சந்திப்பில் அத்தகையோர் கணிசம். சேமிப்பே இல்லாத பூமி என்ற பழைய விளக்கம் இதனாலேயே பொய்க்கிறது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரு ஓட்டுதான் என்ற கூட்டுறவு விதி, பெரும் பணக்காரருக்கு அதில் ஆர்வம் குறையப் போதுமான காரணம். ஊரில் சேமித்தவர்கள் ஒரு கூரையின்கீழ் கூடினார்கள். கடன் கொடுத்தவர்கள் தத்தம் மண்டியிலேயே இருந்துவிட்டார்கள். கும்பகோணத்தில் இவ்விரு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்தன.

கூட்டுறவு வங்கியின் அன்றாடத்தைப் பார்த்தால் இது விளங்கும். காலையில் கூட்டம் சேருமிடம் நகைக்கடன் கவுன்ட்டர். அப்ரைசர் தாலிச் சரடை உரைகல்லில் இழுத்து, அமிலம் தொட்டு, எடை போட்டு, துணிப்பையில் கட்டி அரக்கு வைக்கிறார். பணம் விதைக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ போகிறது, அறுவடைக்குப் பின் நகை மீள்கிறது. மிகவும் தேவையான சேவை. ஆனால் மணிலா வணிகத்தின் பெருந்தொகை இந்த ஜன்னல் வழியாகப் போனதல்ல. அதைக் கட்டுப்படுத்த அரசு எடுத்த வழி வேறு. 1933-ன் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைகள் சட்டமும் அதன் வழிவந்த ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களும் அந்த வழி. விவசாயிகள் வாயில் அது வெறும் கமிட்டி. கமிட்டியில் மூட்டையை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கும் ஏற்பாடு, மண்டியின் இரும்புப்பெட்டிக்கு அரசு தந்த தாமதமான பதில்.

7. கிளை ஊர்கள்

1969 ஜூலை 19 நாட்டுடைமைக்குப் பின் வங்கிகள் இவ்வூர்களுக்கு வேகமாக வந்தன. இன்று மாவட்டத்தின் முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. கிளைகள் பல இடங்களில் அரசுடைமை வங்கிகளின் வழக்கப்படி வாடகைக் கட்டடங்களில் அமைந்தன: கீழே மருந்துக்கடையோ பாத்திரக்கடையோ, பக்கவாட்டில் குறுகிய படி, மேலே இழுப்புக் கதவு. குத்தகை முடிந்தால் வங்கி அடுத்த தெருவுக்குப் போய்விடும். கும்பகோணத்துப் பெரிய தெருவில் கட்டடம் தந்த பிணையை இங்கே ரிசர்வ் வங்கியும் வைப்புக் காப்பீடும் தருகின்றன. வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை. ஊரின் நினைவுக்குத்தான் பிடிமானம் இல்லை.

தலைமையிடம் எப்போதும் வேறெங்கோ இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1993 செப்டம்பர் 30 வரை விழுப்புரமே தென்னார்க்காட்டின் ஓர் ஊர்தான், மாவட்டத் தலைநகர் கடலூர். இப்பகுதிக்கான வள்ளலார் கிராம வங்கியின் தலைமையகமும் கடலூரில்தான். 2006-ல் அது அதியமான் கிராம வங்கியோடு சேர்ந்து சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பல்லவன் கிராம வங்கி ஆனது. 2019-ல் பாண்டியன் கிராம வங்கியும் இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி உருவானபோதும் தலைமை சேலத்திலேயே. தனி மாவட்டம் ஆன பிறகு விழுப்புரத்துக்குக் கிடைத்த மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி இதற்கு ஒரே விதிவிலக்கு. சந்தையில் பிறக்காத வங்கியை மாவட்ட எல்லைக்கோடு பெற்றுத் தந்தது.

சொந்த வங்கி இருந்திருந்தால் ஊர் செழித்திருக்குமா என்ற கேள்விக்கு நான் அவசரப்பட்டு ஆம் சொல்லமாட்டேன். லட்சுமி விலாஸ் வங்கி 94 ஆண்டு வாழ்ந்து 2020 நவம்பரில் சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்தில் கரைந்தது. கரூரின் பெயர் அதைக் காக்கவில்லை. ஆனால் அந்த வங்கி ஆண்டறிக்கைகளையும் பங்குதாரர் பட்டியல்களையும் விட்டுச்சென்றிருக்கிறது, வரலாறு எழுத அவை போதும். விழுப்புரம், திண்டிவனத்தின் வங்கி வரலாறு மண்டிப் பேரேடுகளில் கிடக்கிறது. மண்டிகள் இடிந்து வணிக வளாகம் ஆகும்போது முதலில் எடைக்குப் போவது அந்தச் சிவப்பு அட்டைப் பேரேடுகள்தான். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியின், திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியின் வரலாற்று மாணவர்கள் பழைய மண்டிக் குடும்பங்களின் பரணில் கிடக்கும் கணக்குகளைத் தேடிப் படியெடுக்க முன்வர வேண்டும். வீட்டில் பேரேடு வைத்திருப்பவர்கள் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுமுன் ஒரு நூலகத்தைக் கூப்பிட வேண்டும். கடன்பட்டவர் பெயர் வெளியே வருமோ என்ற தயக்கம் இருந்தால், பெயரை மறைத்துப் படியெடுக்க வழி உண்டு.